எந்தச் சந்தைக்குப் போவது? கல்லூரி ஆய்வுக்கான தரவுத்தளங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தவறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "என் தலைப்புல இதுவரைக்கும் யாருமே எழுதலை சார். நெட் முழுக்கத் தேடிட்டேன்." போன வருடம் இதைச் சொன்னவர் மனையியல் முதுகலை மாணவி. பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை வளரிளம் பெண்களின் இரத்தசோகையைக் குறைக்கிறதா என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. இந்தியாவில் மட்டும் இதைப் பற்றி வந்திருக்கும் கட்டுரைகளை அச்சடித்து அடுக்கினால் ஒரு மேசை கொள்ளாது.

ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. கைபேசியை நீட்டிக் காட்டினார். நெறியாளர் ஒப்புதல் கொடுத்த தலைப்பை, மாவட்டத்தின் பெயர் உட்பட, ஒரு சொல் விடாமல், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட் என்ற தரவுத்தளத்தின் தேடல் பெட்டியில் தட்டியிருந்தார். கீழே, முடிவு எதுவும் இல்லை என்று வந்திருந்தது. இரண்டு வாரமாக இதையே வேறு வேறு இடங்களில் செய்திருக்கிறார். அந்த இரண்டு வாரம் போனது அவருடைய தவறால் இல்லை. இதை யாரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. நெட், ஆன்லைன் லைப்ரரி, டேட்டாபேஸ், கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் ஒரே பொருள்போலப் பேசிவிட்டு, "போய் லிட்ரேச்சர் கலெக்ட் பண்ணு" என்று அனுப்பிவிடுகிறோம்.

கோயம்பேட்டில் எந்தப் பக்கம்?

கோயம்பேடு சந்தையில் பூவுக்கு ஒரு பகுதி, காய்கறிக்கு ஒரு பகுதி, பழத்துக்கு ஒரு பகுதி. கல்யாணத்துக்கு இருபது கிலோ மல்லிகை வாங்கப் போனவர், இருட்டில் இறங்கிக் காய்கறிப் பக்கம் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? எத்தனை வரிசை நடந்தாலும் மல்லிகை கிடைக்காது. அதை வைத்து, சென்னையிலேயே இன்று மல்லிகை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

தெருமுனை மளிகைக்கடை வேறு மாதிரி. அங்கே நாலு முழம் பூவும் இருக்கும், தக்காளியும் இருக்கும், வாழைப்பழமும் தொங்கும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். எது எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது.

கூகுள் போன்ற தேடுபொறி அந்த மளிகைக்கடை. ஒரு நிரல் இணையப் பக்கங்களில் ஓயாமல் உலவி, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொள்ளும். நாம் தட்டும் சொற்களில் ஒன்றிரண்டை விட்டுவிட்டாவது எதையாவது கொண்டுவந்து நீட்டும். தரவுத்தளம் கோயம்பேட்டின் ஒரு பகுதி. ஒரு துறைக்கு எந்தெந்த ஆய்விதழ்கள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, அவற்றில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே மாதிரியான விவரங்களைப் பதிந்து, தேட வசதியாக அடுக்கி வைத்த தொகுப்பு அது. நாம் பத்துச் சொல் தட்டினால் பத்துமே இருக்கிற கட்டுரையைத்தான் அது பெரும்பாலும் தேடும். அந்த மாணவியின் தலைப்பு முழுசாக, மாவட்டப் பெயரோடு சேர்ந்து இருக்கிற கட்டுரை உலகத்தில் இல்லை. அதனால்தான் பூஜ்யம்.

கூகுள் ஸ்காலர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2004-ல் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரைகளாகத் தெரிகிறவற்றை மட்டும் திரட்டுகிறது என்பது வரை நல்லது. ஆனால் திரட்டுவது இயந்திரம்தான். தரமான ஆய்விதழும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் நாள் ஒரு சுற்றுப் பார்த்துவர அது போதும். அதோடு நிறுத்தினால் போதாது.

சுருக்கமாக: தேடுபொறி கண்டதையெல்லாம் திரட்டுகிறது, தரவுத்தளம் தேர்ந்தெடுத்து அடுக்குகிறது. அதனால் எதைத் தேடுவது என்பதற்கு முன்னால், எங்கே தேடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

வேப்பமரத்துப் பக்கத்து நிலம்

தரவுத்தளத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நிலத்துக்கு வில்லங்கச் சான்று கேட்கப் போகிறோம். "பெரிய வேப்பமரம் இருக்குமே, அதுக்குப் பக்கத்து நிலம்" என்று சொன்னால் வேலை நடக்காது. கிராமத்தின் பெயர், புல எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே நிலம் இல்லை, நிலத்தைப் பற்றிய பதிவுதான் இருக்கிறது. பதிவில் எந்தக் கட்டங்கள் உண்டோ அவற்றின் வழியாகத்தான் தேட முடியும்.

தரவுத்தளமும் அப்படியே. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பதிவு. அதில் தலைப்பு, ஆசிரியர், ஆய்விதழ், ஆண்டு, ஆய்வுச் சுருக்கம், பொருள் தலைப்புகள் என்று கட்டங்கள் இருக்கும். ஆய்வுச் சுருக்கம் என்றால் கட்டுரை என்ன கேட்டது, எப்படிச் செய்தது, என்ன கண்டது என்பதை ஒரு பத்தியில் சொல்வது. பல தரவுத்தளங்களில் நாம் தட்டும் சொல் இந்தப் பதிவில்தான் தேடப்படும். கட்டுரையின் பதினைந்தாம் பக்கத்தில் ஒரு சொல் வருகிறது, பதிவில் அது இல்லை என்றால் அந்தக் கட்டுரை நம் கண்ணில் படாது.

கட்டுரை முழுவதையும் தன்னிடமே வைத்திருக்கும் தரவுத்தளங்களும் உண்டு. ஜேஸ்டோர் அந்த வகை. பப்மெட் பதிவுகளின் தொகுப்பு மட்டுமே. கட்டுரை வேறு இடத்தில் இருக்கும், இணைப்பு மட்டும் கொடுக்கும். பப்மெட் சென்ட்ரல் என்று தனியாக ஒன்று 2000-லிருந்து இருக்கிறது, அதில் முழுக் கட்டுரைகள் கிடைக்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அரசாணியும் பரங்கியும்

இப்போது இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

கோவைப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள். சென்னையில் பரங்கிக்காய். இன்னும் சில ஊர்களில் மஞ்சள் பூசணி. காய் ஒன்றுதான். ஒரு சமையல் நூலகம் இருந்து, அதில் சமையல்காரர் எழுதிய பெயரில் மட்டும் தேட முடியும் என்றால், பரங்கிக்காய் என்று தேடுகிறவருக்குக் கோவைக்காரர் எழுதிய அத்தனை குறிப்பும் போய்விடும். இதைத் தவிர்க்க என்ன வழி? எவர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பெயரை ஒட்டிவிட வேண்டும். அப்படி ஒட்டும் நிலையான பெயருக்குத்தான் பொருள் தலைப்பு என்று பெயர்.

மருத்துவத்தில் இந்த வேலை மிகப் பழையது. அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர் 1879-ல் இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற அச்சு அட்டவணையைத் தொடங்கினார். உலகத்து மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியல் போடுவது அதன் வேலை. 2004 வரை அது அச்சில் வந்தது. அதே மரபில், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-ல் மெஷ் என்ற பொருள் தலைப்புத் தொகுதியை வெளியிட்டது. இன்று பப்மெட்டில் தேடும்போது பின்னால் நின்று வேலை செய்வது அதுதான். 'அனீமியா' என்ற ஆங்கிலச் சொல்லை பிரிட்டிஷ் வழக்கில் எழுதினால் நடுவே ஓர் எழுத்து கூடும், அமெரிக்க வழக்கில் குறையும். பப்மெட்டில் எப்படித் தட்டினாலும் அது ஒரே தலைப்புக்குக் கொண்டுபோய்விடும். எல்லாத் தரவுத்தளமும் இந்த உதவியைச் செய்யாது. வேறு இடங்களில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் நாமேதான் தட்ட வேண்டும்.

பொருள் தலைப்புக்கு அதற்கென்று வரையறையும் உண்டு. இதை அந்த மாணவிக்குத் திரையில் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். மெஷ் தொகுதியில் 'அடோலசென்ட்' என்ற தலைப்பு 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு. 6 முதல் 12 வரை 'சைல்ட்'. உலக சுகாதார நிறுவனமோ வளரிளம் பருவத்தை 10 முதல் 19 வயது என்று கணக்கிடுகிறது. அவருடைய ஆய்வில் ஆறாம் வகுப்புப் பெண்களும் இருந்தார்கள். 'அடோலசென்ட்' தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தேடியிருந்தால், பதினொரு பன்னிரண்டு வயதுப் பெண்களை மட்டும் ஆராய்ந்த கட்டுரைகள் கைநழுவிப் போயிருக்கும். இரண்டு தலைப்புகளையும் சேர்த்துத்தான் தேட வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. பப்மெட்டில் இருக்கும் எல்லாப் பதிவுக்கும் மெஷ் தலைப்பு இருக்காது. ஆகவே பொருள் தலைப்பாலும் தேடுங்கள், சாதாரணச் சொல்லாலும் தேடுங்கள். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்.

நம் ஊர்ப் பெயர்களுக்குப் பொருள் தலைப்பைக்கூட முழுசாக நம்ப முடியாது. மெட்ராஸ், சென்னை ஆனது 1996-ல். அதற்கு முந்திய கட்டுரைகளில் மெட்ராஸ்தான் இருக்கும். தூத்துக்குடிக்கு டூட்டிகோரின், திருச்சிராப்பள்ளிக்கு ட்ரிச்சி, உதகமண்டலத்துக்கு ஊட்டி. எழுதினவர் எதை எழுதினாரோ அதுதான் பதிவில் நிற்கும். தமிழ்நாட்டைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் முதல் வேலையாகத் தங்கள் ஊருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

இதுவரை பார்த்தது: தேடல் நடப்பது பதிவில். பதிவில் நிலையான தலைப்பும் இருக்கும், கட்டுரையாளரின் சொந்தச் சொல்லும் இருக்கும். நம் மனதில் இருக்கும் சொல்லை அந்தச் சொற்களாக மாற்றுவதே தேடுகிறவரின் வேலை.

சரி, எந்தத் தரவுத்தளம்?

பெயர்ப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். என் கேள்வியை உலகத்தில் யார் கேட்பார்கள், அவர்கள் எங்கே எழுதுவார்கள் என்று முதலில் யோசியுங்கள். இரத்தசோகை மாத்திரை பற்றி மருத்துவர்களும் ஊட்டச்சத்து ஆய்வாளர்களும் எழுதுவார்கள், ஆகவே பப்மெட். மாத்திரையைப் பெண்கள் ஏன் விழுங்காமல் துப்புகிறார்கள், ஆசிரியர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது கேள்வியானால் கல்வித் துறைக்காரர்களும் உள்ளே வருவார்கள். அப்போது அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் எரிக். சத்தான கீரை வளர்ப்பு என்றால் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்ரிஸ். மின்னணுவியல், கணினி என்றால் ஐ-டிரிபிள்-இ எக்ஸ்ப்ளோர். வரலாறு, இலக்கியம், சமூகவியலுக்கு ஜேஸ்டோர். ஜேஸ்டோரில் ஒன்றைக் கவனியுங்கள்: பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் அங்கே இருக்காது, பழைய இதழ்கள்தான் அதன் பலம். சொந்தமாக ஒரு கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம்.

இந்தியாவில் இதே தலைப்பில் யார் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார் என்று பார்க்க ஷோத்கங்கா. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி கொண்டுவந்த பிறகு வளர்ந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கின்றன. ஒரு நல்ல ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் படித்தால், அந்தத் துறையில் வந்த முக்கியமான கட்டுரைகளை இன்னொருவர் நமக்காக ஏற்கெனவே அடுக்கிவைத்திருப்பது தெரியும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பத்தியைத் தூக்கி நம் ஆய்வேட்டில் ஒட்டுவது திருட்டு.

தமிழ் இலக்கியமோ தமிழ்ப் பதிப்பு வரலாறோ ஆய்வு செய்கிறவருக்கு மேலே சொன்னவை அரைகுறையாகத்தான் உதவும். அவர் போகவேண்டிய இடம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அப்புறம் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். ஈழத்து இதழ்கள், நூல்கள் என்றால் நூலகம் நிறுவனம் 2005-லிருந்து நடத்தும் இணைய ஆவணகம்.

கட்டுரை வேண்டுமா, எண் வேண்டுமா என்றும் யோசியுங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தசோகை என்பதற்குத் தரவுத்தளத்தில் நாள்கணக்கில் அலைய வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின் அறிக்கையைத் திறந்தால் 59.1 சதவீதம் என்று நேராகவே இருக்கிறது.

வீட்டுத் தரகரிடம் பேசுவதுபோல

இடத்தைத் தேர்ந்தாகிவிட்டது. இனி எப்படிக் கேட்பது?

வீடு தேடும்போது தரகரிடம் என்ன சொல்வோம்? "வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ, இரண்டு படுக்கையறை, மாடி வேண்டாம்." இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று கட்டளைகள் இருக்கின்றன. இதுவோ அதுவோ என்பது ஒன்று, இதுவும் இருக்கணும் என்பது இன்னொன்று, இது கூடாது என்பது மூன்றாவது. தரவுத்தளத்தில் இவற்றுக்கு ஆர், ஆண்ட், நாட் என்ற ஆங்கிலச் சொற்கள். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் தர்க்கத்திலிருந்து வந்ததால் பூலியன் இணைப்புகள் என்பார்கள். பப்மெட்டில் இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

அந்த மாணவியை ஒரு வெள்ளைத்தாள் எடுக்கச் சொன்னேன். நெட்டுக்குத்தாக மூன்று கோடு போட்டு, தலைப்பிலிருந்து மூன்று கருத்துகளை மட்டும் பிரித்தோம். யார்? வளரிளம் பெண்கள். என்ன நோய்? இரத்தசோகை. என்ன சிகிச்சை? இரும்புச்சத்து மாத்திரை. "தாக்கம்", "ஓர் ஆய்வு", "மதிப்பீடு" போன்ற சொற்களை அடித்துவிட்டோம். எல்லாத் தலைப்பிலும் வரும் சொற்கள் அவை, தேட உதவாது. மாவட்டப் பெயரையும் இப்போதைக்கு ஓரத்தில் வைத்தோம். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் அதே பொருள்தரும் வேறு சொற்களை அவரையே எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் தட்ட வேண்டியதைத் தமிழ் எழுத்தில் சொன்னால் இப்படி வந்தது:

(அடோலசென்ட் ஆர் டீனேஜர் ஆர் ஸ்கூல்கேர்ல்) ஆண்ட் (அனீமியா ஆர் ஹீமோகுளோபின்) ஆண்ட் (அயர்ன் ஆர் ஃபெரஸ் ஆர் ஃபோலிக்)

ஒரு கட்டத்துக்குள் இருப்பவற்றை ஆர் சேர்க்கிறது, கட்டங்களை ஆண்ட் கோக்கிறது. அடைப்புக்குறி முக்கியம், அது இல்லாவிட்டால் எது எதோடு சேர்கிறது என்பதே மாறிப்போகும். தட்டிய உடனே கட்டுரைகள் கொட்டின. ஒரு நிமிடம் முன்னால் பூஜ்யம் காட்டிய அதே பெட்டி. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

வந்தது அதிகம். அப்போதுதான் இந்தியா என்ற சொல்லை நான்காவது கட்டமாகச் சேர்த்தோம், கடைசிப் பத்து ஆண்டுகள் என்று வடிகட்டினோம். வடிகட்டி என்பது ஆண்டு, மொழி, ஆய்வின் வகை ஆகியவற்றால் முடிவைக் குறைக்கும் பொத்தான். முதலில் அகலமாக வலை வீசி, பார்த்துப் பார்த்துச் சுருக்க வேண்டும். தொடக்கத்திலேயே சுருக்கிவிட்டால் எது விட்டுப்போனது என்றே தெரியாது.

நாட் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மாடி வேண்டாம் என்றதும், "தரைத்தளமும் மாடியும் வாடகைக்கு" என்ற விளம்பரத்தை மாடி என்ற சொல் இருப்பதால் தரகர் தூக்கிப் போட்டுவிடுகிறார் என்று வையுங்கள். நமக்கு வேண்டிய தரைத்தளமும் சேர்ந்து போய்விட்டது. கர்ப்பிணிகள் பற்றிய கட்டுரை வேண்டாம் என்று மாணவி நாட் போட்டபோது, வளரிளம் பெண்களையும் கர்ப்பிணிகளையும் ஒப்பிட்ட கட்டுரைகள் இப்படித்தான் காணாமல் போயின. நான் பெரும்பாலும் நாட் போட வேண்டாம் என்றே சொல்வேன். வேண்டாததைக் கண்ணால் பார்த்துத் தள்ளிவிடலாம்.

சின்னக் கருவிகள் இரண்டு. பல சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டால் அவை அதே வரிசையில் சேர்ந்து வரவேண்டும் என்று பொருள். சொல்லின் பாதியில் நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டால், அதன் பிறகு எந்த விகுதி வந்தாலும் சரி என்று பொருள். பப்மெட்டில் நட்சத்திரம் போட்டால், பொருள் தலைப்புக்குத் தானாகக் கொண்டுபோகும் உதவி அந்தச் சொல்லுக்கு நின்றுவிடும். அதனால் அங்கே யோசித்துப் போடுங்கள்.

டாலர் கேட்கும் பக்கம்

நல்ல கட்டுரை ஒன்று கிடைக்கும், திறந்தால் முப்பது, நாற்பது டாலர் கேட்கும். அங்கேயே பாதிப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். பணம் கட்டாதீர்கள். அந்தப் பக்கம் உங்களை வழிப்போக்கர் என்று நினைக்கிறது. கல்லூரி சந்தா கட்டியிருந்தால், கல்லூரி இணைப்பில் இருக்கும்போது அந்த இணைப்பின் எண் முகவரியை (ஐ.பி.) வைத்து உங்களை உறுப்பினர் என்று அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டிலிருந்து என்றால் நூலகம் கொடுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் மத்திய, மாநில அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கிராமத்து அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய கதவு. ஆனால் கதவு திறந்திருப்பதே தெரியாத மாணவர்களை இன்றும் பார்க்கிறேன், அது மனசைப் பிசைகிறது. உங்கள் கல்லூரி இதில் இருக்கிறதா என்று நூலகரிடம் நாளைக்கே கேளுங்கள்.

சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கும் வழி உண்டு. கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்த ஆய்விதழ்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. என்ற அடைவு 2003-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, அதில் தேடலாம். கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தட்டி வலப்பக்கம் பி.டி.எஃப். இருக்கிறதா என்று பார்க்கலாம். எதுவும் ஆகவில்லையா? கட்டுரையாளரின் மின்னஞ்சல் ஆய்வுச் சுருக்கத்தின் அருகிலேயே பெரும்பாலும் இருக்கும். மரியாதையாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். அனுப்பிவைக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு கட்டுரையிலிருந்து பத்து

பொருத்தமான ஒரு கட்டுரை கையில் வந்ததும் தேடல் திசை மாறுகிறது. அதன் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியல் பின்னோக்கிப் போகும் பாதை, அந்த ஆய்வாளர் எவற்றைப் படித்தார் என்று காட்டும். கூகுள் ஸ்காலரிலோ, கல்லூரி சந்தா கட்டியிருந்தால் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்திலோ, இதை மேற்கோள் காட்டியவர்கள் என்ற இணைப்பைத் தொட்டால் முன்னோக்கிப் போகலாம், அதன் பிறகு யார் என்ன எழுதினார்கள் என்று தெரியும். அந்தக் கட்டுரையின் பதிவில் எந்தப் பொருள் தலைப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள். நமக்குத் தோன்றாத சொல் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை எடுத்துத் தாளில் சேர்த்து மறுபடி தேடுங்கள்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் "இந்தத் தலைப்பில் பத்துக் கட்டுரை சொல்" என்று கேட்கும் பழக்கம் பரவிவிட்டது. மாற்றுச் சொற்கள் யோசிக்க அவற்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவை சொல்லும் கட்டுரைகளில் இல்லாதவையும் இருக்கும். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் உண்மைபோலவே கச்சிதமாக வரும், போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. தரவுத்தளத்தில் பதிவைக் கண்ணால் பார்க்காத எதையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு. தேதி, எந்தத் தரவுத்தளம், எந்த வரியைத் தட்டினோம், எத்தனை வந்தது, எத்தனையை எடுத்தோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். அந்த மாணவி நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென்றே போட்டார். மார்ச் மாதம் நெறியாளர் "எங்கேயெல்லாம் தேடினே?" என்று கேட்டபோது அதைத்தான் எடுத்து நீட்டினாராம். முதல் பக்கத்தில் மூன்று கோடு போட்ட அந்த வெள்ளைத்தாளை ஒட்டிவைத்திருந்தார்.